பாடநூற் படத்தில் இல்லாத கலம்

கடந்த சனிக்கிழமை காலை, எட்டாம் ஒன்பதாம் தரங்களில் படிக்கும் பதினான்கு பிள்ளைகளோடு எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறையில் விலங்குக் கலங்களை (உயிரணுக்களை) பார்க்க அமர்ந்திருந்தேன். உங்கள் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்ததை நுணுக்குக்காட்டியில் பாருங்கள், கண்டதை வரையுங்கள் என்று சொன்னதைத் தவிர வேறு எந்த விளக்கமும் நான் கொடுக்கவில்லை. அரைமணி நேரத்தின் பின் என் மேசைக்கு வந்த படங்களில் ஒன்பது, கவராயத்தால் கீறியவை போன்ற வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் தடித்த கறுப்பு ஓரம் இருந்தது, உள்ளே எதுவும் இல்லை. அவை காற்றுக் குமிழிகள். நான்கு படங்களில் கலத்தின் உள்ளுறுப்புகளான கருவும் இழைமணிகளும் கொல்கி உடலும் அழகாக வரையப்பட்டு, கோடு இழுத்துப் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. அவை கண்ணால் கண்டவை அல்ல, பாடநூலிலிருந்து நினைவில் வந்தவை. எஞ்சிய ஒரேயொரு படத்தை நிலாவெளியிலிருந்து வரும் ஒரு மாணவி கொப்பியின் அடியில் மறைத்து வைத்திருந்தாள். கேட்டபோது, "என்ர படம் பிழை ரீச்சர், கலம் மாதிரி வரேல்லை" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் மூன்று கோணல்மாணலான துண்டுகள், அவற்றில் ஒன்றின் ஓரம் வாடிய வெற்றிலையின் ஓரம் போல மடிந்திருந்தது, ஒவ்வொன்றிலும் நடுவைவிட்டுச் சற்று விலகி ஒரு கறுப்பு விதை, அதைச் சுற்றிப் பென்சிலால் குத்திய சில புள்ளிகள். பதினான்கு பேரில் கலத்தைக் கண்டவள் அவள் ஒருத்திதான். அதைப் பிழை என்று நம்பியவளும் அவளே. அந்த ஒரு சொல் அன்று முழுவதும் என் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாணவியாக இருந்த காலத்தில் என் பாடசாலையிலும் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. அது கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது, திறப்பு யாரிடம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு வட்டமும் வரைந்தார். நாங்கள் அதைப் பார்த்து வரைந்தோம், புள்ளிகளும் பெற்றோம். ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் என் சொந்தக் கன்னத்தின் கலத்தை முதன்முறையாகப் பார்த்தேன். அது வட்டமாக இல்லாதது கண்டு, வழுக்கியை (மாதிரியை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டை) சரியாகத் தயாரிக்கவில்லை என்று எண்ணி மூன்று முறை மீண்டும் தயாரித்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு நேர்ந்தது பதின்மூன்று வயதில் என் மாணவிக்கு நேர்ந்திருக்கிறது. ஆகவே இது பிள்ளையின் குறையல்ல, பாடநூற் படம் கண்ணுக்கும் கலத்துக்கும் நடுவே வந்து நிற்பதால் நேரும் குறை.

அந்தப் படம் பொய்யல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாடநூலில் நாம் பார்க்கும் விலங்குக் கலம் எந்த ஒரு விலங்கின் எந்த ஒரு கலமும் அல்ல. பல கலங்களில், பல காலங்களில், பல கருவிகளால் அறியப்பட்டவற்றை ஒரே கூட்டுக்குள் சேர்த்து வரைந்த படம் அது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்தச் சாதாரண நுணுக்குக்காட்டியும் ஒரு மைக்ரோமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கைவிட நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. இந்த எல்லையை ஜேர்மன் பௌதிகவியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கினார். கலத்தின் மிக நுண்ணிய உறுப்புகளான அகமுதலுருச் சிறுவலையும் இறைபோசோம்களும் அந்த எல்லைக்குக் கீழே உள்ளவை. 1931இல் ஜேர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மக்ஸ் நோலும், ஒளிக்குப் பதிலாக இலத்திரன்களைக் கொண்டு பார்க்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் முதல் வடிவத்தை உருவாக்கியதன் பின்னரே அவை மனிதக் கண்ணுக்கு எட்டின. எங்கள் விஞ்ஞான அறையிலுள்ள 400 மடங்கு நுணுக்குக்காட்டியில் இறைபோசோமைத் தேடும் பிள்ளை, திருகோணமலையின் சுவாமிப்பாறையில் நின்றுகொண்டு குடாவுக்கு அப்பாலுள்ள மூதூர்க் கரையில் ஒருவர் கையிலுள்ள கடிதத்தை வாசிக்க முயல்வதைப் போன்ற ஒரு காரியத்தைச் செய்கிறது. அதைக் காண முடியாது என்று முன்கூட்டியே சொல்லாமல் விடுவது நம் தவறு. பிள்ளை காணாததை வரைவது அந்தத் தவறிலிருந்து பிறக்கிறது.

அன்று படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம்.

எங்களிடம் இயங்கக்கூடிய நுணுக்குக்காட்டிகள் மூன்று. நான்காவதன் பொருள்வில்லையில் பூஞ்சை படர்ந்து, சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிகின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள அறையில் உப்புக் காற்றும் வாடைக்கால ஈரமும் கண்ணாடியையும் உலோகத்தையும் ஒருசேரத் தின்கின்றன. மழைக்காலத்தில் கருவியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல, பூஞ்சைக்கு வீடு கொடுப்பது. அடிக்கடி வெளியில் எடுத்துப் பயன்படுத்துவதும், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைகளை வெயிலில் காயவைத்து மீண்டும் பெட்டிக்குள் இடுவதும்தான் நான் கண்ட வழி. மூன்று கருவிகளுக்கும் மின்விளக்கு இல்லை, ஆடிதான். அந்த ஆடியைச் சூரியனை நோக்கித் திருப்பினால் கண்ணுக்குக் கேடு என்பதால், வெளியே வெயில் விழும் வெள்ளை மதிலை நோக்கித் திருப்பச் சொன்னேன். கச்சான் வீசும் இந்த ஆடி மாதத்தில் எங்கள் மதிலைவிடச் சிறந்த விளக்கு வேறில்லை.

முதலில் கலத்தைப் பார்க்கவில்லை. பத்திரிகையிலிருந்து "ட" என்ற எழுத்தை வெட்டி வழுக்கியில் வைத்துப் பார்த்தோம். எழுத்து தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் தெரிந்தது, வழுக்கியை வலப்பக்கம் நகர்த்தினால் அது இடப்பக்கம் ஓடியது. இதைக் கைப்பழக்கமாக்கிக் கொள்ளாத பிள்ளை, கண்டுபிடித்த கலத்தை அடுத்த நொடியே தொலைத்துவிடும். அடுத்து, வேண்டுமென்றே ஒரு காற்றுக் குமிழியைப் பிடித்துப் பார்த்தோம். சிறிய திருகைத் திருப்பும்போது குமிழியின் கறுப்பு ஓரம் தடிப்பதையும் மெலிவதையும் காட்டி, காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒளி முறிவதால்தான் அந்த ஓரம் உண்டாகிறது என்றும், விலங்குக் கலத்தின் மென்சவ்வுக்கு அவ்வளவு தடித்த ஓரம் ஒருபோதும் இராது என்றும் சொன்னேன். காற்றுக் குமிழியைக் குற்றவாளியாக்காமல் பாடமாக்கிய பிறகு அதை எவரும் கலமாக வரையவில்லை. மெல்லிய கண்ணாடி மூடித்துண்டை ஒரு பக்கம் நீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கி, குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல மெல்லச் சாய்த்து இறக்கினால் குமிழி குறையும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பிறகு மீண்டும் கன்னம். வாயை நீரால் கொப்பளித்து, ஆளுக்கொரு புதிய பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தேய்த்து, வழுக்கியில் ஒரே திசையில் பூசி, காயவிட்டு, மெதிலீன் நீலத்தில் ஒரு துளி. ஒருவரின் குச்சியை மற்றவர் தொடக்கூடாது, முடிந்ததும் எல்லாம் குளோரின் கரைசல் உள்ள போத்தலுக்குள் போக வேண்டும் என்ற இரண்டு விதிகளில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மேலதிக நீலத்தை வடிதாளின் ஓரத்தால் இழுத்தெடுக்கையில் ஒரு மாணவன் விரலெல்லாம் நீலமாகி, "இது எப்ப ரீச்சர் போகும்?" என்று கேட்டான். இரண்டு நாளில் போகும் என்றேன். அந்த விரலில்தான் பாடம் தொடங்கியது. சாயம் ஏன் கருவில் மட்டும் அத்தனை ஆழமாகப் பிடிக்கிறது? மெதிலீன் நீலத்தின் துணிக்கை நேரேற்றம் உடையது, கருவிலுள்ள நியூக்கிளிக் அமிலம் மறையேற்றம் உடையது, ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. கருவைச் சுற்றியுள்ள குழியவுருவில் வெளிர் நீலம், கருவில் கடும் நீலம். 1876இல் ஹைன்ரிச் காரோ ஜேர்மனியில் துணிச்சாயமாக உருவாக்கிய பொருள் இது. சட்டைக்குப் பூச வந்த நிறம் கலத்தின் நடுவிலுள்ளதைக் காட்டும் கருவியாக மாறியதைச் சொன்னபோது, நீல விரல்காரன் தன் விரலைச் சற்று மரியாதையோடு பார்த்தான்.

இம்முறை எல்லோரும் கண்டார்கள். ஓரங்கள் நேராக இல்லை, பல கோணங்கள் கொண்டவை. சில தனித்தும் சில ஓடு வேய்ந்ததுபோல அடுக்காகவும் கிடந்தன. கன்னத்தின் உட்புறம் பல அடுக்குகளாலான மேலணி இழையம் (இழையம் என்பது ஒரே வேலைக்காகச் சேர்ந்த கலங்களின் கூட்டம்), அதன் மேலடுக்குக் கலங்கள் தட்டையானவை; உணவும் பல்லும் உரசுவதால் அவை ஓயாமல் உதிர்கின்றன, கீழிருந்து புதியவை மேலே வருகின்றன. நாம் எடுத்தது உதிரக் காத்திருந்த கலங்களை. மெல்லிய தட்டு என்பதனால்தான் ஓரம் மடிகிறது. நிலாவெளி மாணவி வரைந்த வெற்றிலை மடிப்பின் காரணம் இதுதான். அவள் பென்சிலால் குத்திய புள்ளிகள், 400 மடங்கில் பார்த்தபோது, கலத்தின் மேல் ஒட்டியிருந்த வாய்ப் பற்றீரியாக்கள் என்று தெரிந்தது. எந்தப் பாடநூலின் விலங்குக் கலப் படத்திலும் அவை இல்லை, எல்லோருடைய வாயிலும் இருக்கின்றன.

அளவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. "400 மடங்கு எண்டால் உண்மையில இது எவ்வளவு பெரிசு?" இந்தக் கேள்விக்கு நான் எண்ணைச் சொல்லவில்லை. வெளிப்படையான அடிமட்டத்தை மேடையில் வைத்து, மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில், அதாவது 40 மடங்கில், பார்வைப்புலத்தின் விட்டத்தை அளக்கச் சொன்னேன். ஏறக்குறைய நான்கரை மில்லிமீற்றர் வந்தது. உருப்பெருக்கம் பத்து மடங்காகும்போது விட்டம் பத்திலொன்றாகும், ஆகவே 400 மடங்கில் 0.45 மில்லிமீற்றர். அந்த வட்டத்தின் குறுக்கே எத்தனை கன்னக் கலங்களை வரிசையாக வைக்கலாம் என்று எண்ணினார்கள். ஏழு, எட்டு என்று வந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு கலம் சுமார் 0.06 மில்லிமீற்றர், 60 மைக்ரோமீற்றர். வெறுங் கண்ணால் நாம் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். இதைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு பிள்ளை, "அப்ப கொஞ்சம் பெரிசா இருந்திருந்தால் சும்மாவே தெரிஞ்சிருக்கும்" என்று ஏக்கத்தோடு சொன்னது. மயிரிழை தவறிய அந்தத் தூரத்தை உணர்வதற்கு அடிமட்டமும் வகுத்தலுமே போதுமாக இருந்தன.

அடுத்து மீன் இரத்தம். மனித இரத்தத்தை நான் வகுப்பில் எடுப்பதில்லை. எங்களுக்கு அதற்குத் தேவையும் இல்லை, விடியற்காலையில் கரைக்கு வரும் வள்ளங்கள் இருக்கின்றன. மாணவன் ஒருவனின் தகப்பனார் ஐஸில் வைத்துக் கொடுத்தனுப்பிய பாரை மீனின் வாலடியில் ஒரு கீறல் போட்டு எடுத்த துளியை, ஒரு லீற்றர் நீருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில் கலந்த கரைசலில் ஐதாக்கி வைத்தேன். 400 மடங்கில் நூற்றுக்கணக்கான நீள்வட்டக் கலங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரு. நம்முடைய செங்குழியங்கள் 7 அல்லது 8 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள, இருபுறமும் குழிந்த வட்டத் தட்டுகள். அவற்றுக்குக் கரு இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லையால் 1674இல் செங்குழியங்களைப் பார்த்து எழுதினார். மீனில் அவை நீள்வட்டமாக இருப்பதையும் பிற்பாடு கண்டார்.

"மீனுக்கே கரு இருக்கு, எங்களுக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வி தவறாமல் வரும், வந்தது. பறவைக்கும் தவளைக்கும் உண்டு, முலையூட்டிகளில்தான் இல்லை. என்புமச்சையில் உருவாகும்போது நம் செங்குழியத்துக்கும் கரு இருக்கிறது, முதிரும்போது அதை வெளியேற்றிவிட்டு, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு இடம் விடுகிறது. கரு இல்லாததால் தன்னைத் தானே புதுப்பிக்க முடியாமல் ஏறக்குறைய 120 நாட்களில் அதன் வாழ்வு முடிகிறது. பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

பிறகு அவர்களில் ஒருவன் கேட்ட கேள்விதான் அன்றைய நாளின் சிறந்த கேள்வி. "மீன் கடல்லதானே இருக்கு, ஏன் உப்பை அளந்து போட்டனீங்கள்? கடல்தண்ணியையே விட்டால் என்ன?" உடனே ஒருவனை ஒரு சிறு போத்தலோடு கடற்கரைக்கு அனுப்பினேன். மூன்று வழுக்கிகள் வைத்தோம்: அளந்த உப்புக் கரைசல் ஒன்று, கடல்நீர் ஒன்று, குழாய்நீர் ஒன்று. கடல்நீரில் உள்ள கலங்கள் சுருங்கி, ஓரங்கள் காய்ந்த நெல்லிக்காய் போல மடிந்தன. குழாய்நீரில் அவை ஊதி வெடித்து, கருக்கள் மட்டும் சிறு மணிகளாக எஞ்ச, சுற்றியிருந்த நீர் தெளிவான சிவப்பாக மாறியது. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, பாரை போன்ற முள்மீன்களின் இரத்தத்திலோ அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். கடலுக்குள்ளேயே வாழ்ந்தாலும் அந்த மீன் தன் இரத்தத்தைக் கடலாக விடுவதில்லை. ஓயாமல் கடல்நீரைக் குடித்து, மேலதிக உப்பைப் பூக்களின், அதாவது செவுள்களின், வழியே வெளியேற்றுகிறது. உப்பு மிகுந்த பக்கத்துக்கு மென்சவ்வினூடாக நீர் நகர்வதைக் குறிக்கும் பிரசாரணம் என்ற சொல்லை அதன் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன். காட்சியைக் கண்ட பின் வந்த சொல் மனத்தில் நிற்கும், சொல்லுக்குப் பின் வரும் காட்சி பெரும்பாலும் அலங்காரமாகவே போய்விடும்.

இடைவேளைக்குப் பின் இழையங்களுக்குப் போனோம். இழையம் என்ற எண்ணம், எல்லா உயிர்களும் கலங்களாலானவை என்ற கலக் கொள்கையைவிட முந்தியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரான்சின் சேவியே பிஷா, 1800ஆம் ஆண்டை ஒட்டி, நுணுக்குக்காட்டியைத் தொடாமலே, உடலை வெட்டியும் அவித்தும் ஊறவைத்தும் பார்த்து 21 வகை இழையங்களைப் பிரித்தறிந்தார். அவருடைய முறையை எங்கள் வீட்டுக் குசினியில் எல்லோரும் அறியாமலே செய்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். குழம்பில் வெந்த மீன் ஏன் இதழிதழாகப் பிரிகிறது? மீனின் தசை அடுக்கடுக்கான கட்டங்களாக அமைந்திருக்கிறது. அடுக்குகளுக்கிடையே மெல்லிய தொடுப்பிழையத் தாள்கள் இருக்கின்றன. அந்தத் தாளிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சூட்டில் கரைந்து ஜெலற்றினாகிவிட, அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. ஆறிய மீன்குழம்பு உறைவதும் அதே காரணத்தால். தசையிழையத்தையும் தொடுப்பிழையத்தையும் இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் ஆய்வுகூடம் எனக்குத் தெரியாது.

வெந்த பாரையின் ஓர் இதழிலிருந்து நூலளவு எடுத்து, இரண்டு ஊசிகளால் உப்புக் கரைசலில் பிரித்துப் பிரித்து, இனிப் பிரிக்க முடியாது என்ற நிலையில் மூடித்துண்டை வைத்தோம். ஒளியைக் குறைத்ததும், நார்களின் குறுக்கே மிக நெருக்கமான வரிகள் தெரிந்தன, சோடா மூடியின் ஓரத்தைப் போல. வரிகளுக்கிடையே இரண்டு மைக்ரோமீற்றர் அளவுதான் இடைவெளி. இந்த வரித்தசை நார் ஒரு கலம். ஆனால் ஒரு கருவல்ல, பல கருக்களை உடையது. கலம் என்றால் ஒரு கரு என்று எழுதப் பழகிய பிள்ளைகளுக்கு இது சற்றுக் கலக்கம் தந்தது. அந்தக் கலக்கத்தை நான் அவசரப்பட்டுத் தீர்க்கவில்லை.

திருக்கை இல்லாமல் எங்கள் ஊரில் இழையப் பாடம் முழுமையாகாது. திருக்கைக்கும் சுறாவுக்கும் என்பு இல்லை, வன்கூடு முழுவதும் கசியிழையத்தால் ஆனது. உண்ணும்போது நொறுக் நொறுக் என்று கடிபடுவது அதுதான். புதிய சவர அலகால், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலை நானே எடுத்தேன். அலகைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. நீலம் இட்டுப் பார்த்தபோது, மங்கிய ஊதா நிறப் பரப்பில் சிறு சிறு குழிகள், குழிக்குள் தனியாகவும் இரண்டிரண்டாகவும் கலங்கள். இரண்டாக இருப்பவை ஒரே கலம் பிரிந்து உண்டானவை, சுற்றியுள்ள பொருள் விடாததால் விலகிப் போக முடியாமல் அருகருகே தங்கிவிட்டவை.

இந்தச் சீவலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1665இல் ஆங்கிலேய விஞ்ஞானி றொபட் ஹூக் தக்கையில் வெற்றறைகளைக் கண்டு அவற்றுக்குக் கலம் என்று பெயரிட்டார். 1838இல் ஜேர்மன் தாவரவியலாளர் மத்தியாஸ் ஷ்லைடன் தாவரங்கள் யாவும் கலங்களாலானவை என்றார். விலங்குகளில் அதைச் சொல்ல ஏன் தயக்கம் இருந்தது என்றால், விலங்குக் கலத்துக்குக் கலச்சுவர் இல்லை, எல்லை கண்ணுக்குப் பிடிபடவில்லை. எல்லை தெளிவாகத் தெரியும் இடத்தைத் தேடிய தியோடர் ஷ்வான், தவளையின் வாற்பேய்களில் கசியிழையத்தையும் முதுகுநாணையும் பார்த்தார். அங்கே தாவரக் கலங்களைப் போலவே பிரிந்து நின்ற கலங்களைக் கண்டு, விலங்குகளும் கலங்களாலானவை என்று 1839இல் எழுதினார். அன்று அவருக்கு வழிவிட்ட இழையத்தின் இனத்தைச் சேர்ந்ததை, எங்கள் சந்தையில் கிலோக் கணக்கில் விற்கும் திருக்கையிலிருந்து சீவி, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலை கொடுத்து வாங்கும் ஆயத்த வழுக்கிகளின் பெட்டியும் எங்களிடம் உண்டு. அழகாக வெட்டி, அழகாகச் சாயமிட்டவை. அவற்றை நான் கடைசியாகத்தான் திறப்பேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இழையத்தைவிடத் தன் தாய் சமைக்கும் மீனின் இழையத்தில் பிள்ளைக்கு உரிமை அதிகம்.

நரம்பிழையத்தை எங்களால் நன்றாகக் காட்ட முடியவில்லை, ஆயத்த வழுக்கியையே பார்த்தோம். ஆனால் கணவாய் ஒன்று இருந்தது. அதிகாலை பிடிபட்ட கணவாயின் தோலில் ஒரு சிறு துண்டை உரித்து 40 மடங்கில் வைத்தபோது அறையில் எழுந்த சத்தத்தை இன்னும் கேட்கிறேன். செம்பழுப்புப் புள்ளிகள் சில நெல்மணியளவு விரிந்தும் சில ஊசிமுனையளவு சுருங்கியும் துடித்துக்கொண்டிருந்தன. உயிர் போய்ச் சில மணி நேரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் நிறப்பொருள் நிறைந்த ஒரு கலப் பை. அதைச் சுற்றி ஆரக்கால்கள் போலத் தசை நார்கள் பொருந்தியிருக்கின்றன. அவை இழுத்தால் பை விரிந்து நிறம் பரவும், தளர்ந்தால் பை சுருங்கி நிறம் ஒடுங்கும். நரம்பு, தசை, நிறக்கலம் என்று மூன்றும் கூடி ஒரே வேலையைச் செய்வதை அந்த வட்டத்துக்குள் நேரே பார்க்கலாம். நரம்பின் வழியே ஓடும் செய்தியான நரம்புக் கணத்தாக்கம் எவ்வாறு செல்கிறது என்பதைக் கணவாயின் பெருநரம்பு நாரில் ஆராய்ந்து கண்டதற்காகவே ஹொட்ச்கினுக்கும் ஹக்ஸ்லிக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் சொன்னேன். ஆனால் அந்த நேரத்தில் எவரும் என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை, முறைவைத்துப் பார்வைவில்லைக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். கச்சான் காற்றில் துண்டின் ஓரம் விரைவாகக் காய்ந்தது. துளித்துளியாகக் கடல்நீர் விட்டு இருபது நிமிடம் வரை துடிப்பைக் காத்தோம்.

கடைசி அரைமணி நேரம் வரைதலுக்கு. பென்சில் மட்டும், நிழலிடக் கூடாது, கண்டதற்கு மட்டும் பெயர், காணாததற்கு இடம் வெறுமையாக விடப்பட வேண்டும், படத்தின் கீழே உருப்பெருக்கம் எழுத வேண்டும். ஒரு கண் வில்லையில், மறு கண் தாளில் என்று இரண்டையும் திறந்து வைத்து வரையப் பழகுவதற்குப் பொறுமை வேண்டும், பிள்ளைகளிடம் அது நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறது. காலையில் இழைமணி வரைந்தவர்களில் ஒருவன் மாலையில் தந்த படத்தில் ஒரு மங்கிய ஓரமும் ஒரு கருவும் தவிர எதுவும் இல்லை. கீழே, "இதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். அதற்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

பரீட்சைக்கு அந்தப் படம் உதவுமா என்று ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. வினாத்தாளில் பாடநூற் படத்தைத்தான் கேட்பார்கள், அதையும் சொல்லிக் கொடுப்பேன் என்றேன். திங்கட்கிழமை அதைச் செய்தும் விட்டேன்: கரும்பலகையில் பாடநூற் படத்தை வரைந்து, நாம் சனிக்கிழமை கண்டவற்றை வெள்ளைச் சுண்ணக்கட்டியாலும், இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டியவற்றை மஞ்சளாலும் எழுதினேன். வெள்ளையில் இருந்தவை நான்கே: மென்சவ்வு இருக்கும் ஓரம், குழியவுரு, கரு, கலத்தின் மேல் ஒட்டிய பற்றீரியா. நான்காவதைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியவர்கள் பிள்ளைகள்தான்.

நிலாவெளி மாணவியின் முதற் படத்தை விஞ்ஞான அறையின் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டபோது, சற்று யோசித்து, படத்தை வாங்கிக்கொண்டு போய், மடிந்த ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து "மடிப்பு" என்றும், மூலையில் "என் கன்னம், 400 மடங்கு" என்றும் எழுதிக் கொண்டுவந்து தந்தாள்.